கை நனைத்த சோறு

இப்போது யாராவது என்னிடம் வந்து, "அரிசியை விட்டுட்டேன், உடம்பு இளைக்கணும்" என்று சொன்னால் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. சொல்கிறவர்கள் பாவம், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இளைக்குமா என்று கேட்டால், இளைக்கும். நான் இளைத்தேன். ஆனால் விடலாமா, கூடாதா என்று மட்டும் என்னிடம் யோசனை கேட்கக் கூடாது. எங்கள் வீட்டில் அரிசியை விட்டவர்கள் இரண்டு பேர். நான் ஒருத்தி. இன்னொருவரை நினைத்தால் என்னால் நிதானமாகப் பேச முடிவதில்லை.

ஐம்பதுகளின் கடைசி. உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஏரிப் பாசனத்தில் எங்களுக்குக் கொஞ்சம் கழனி இருந்தது. நைனா, அதாவது என் அப்பா, தானே ஏர் பிடிக்கிறவர். அம்மா, அண்ணன், நான். நாங்கள் போடுவது கிச்சிலிச் சம்பா. வடித்தால் பூ மாதிரி விழும். அதை மூன்று வேளையும் தின்று நான் பெருத்துப் போயிருந்தேன். சாதாரணப் பருமன் இல்லை. கிணற்றடியில் குனிந்து குடத்தைத் தூக்கினால் மூச்சு வாங்கும். தெருவில் பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் மூட்டை.

பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் நல்ல மனிதர்கள்தான். யாரும் முகத்துக்கு நேராக ஒன்றும் சொல்லவில்லை. "பொண்ணு கொஞ்சம் பூரிப்பா கீது" என்பார்கள். வெற்றிலையைப் போட்டுக்கொண்டு, மோரைக் குடித்துவிட்டு எழுந்து போவார்கள். எங்கள் பக்கம் சம்பந்தம் முடிவாகாமல் ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்க மாட்டார்கள். மோர் குடிக்கலாம், பழம் தின்னலாம். சோற்றில் கை வைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அம்மா ஒவ்வொரு முறையும் ஒரு நம்பிக்கையில் பெரிய பானை நிறைய வடித்து வைப்பாள். எங்கள் வீட்டில் ஒருவரும் கை நனைக்கவில்லை. அந்தச் சோற்றை மறுநாள் பழையதாக நாங்கள்தான் தின்போம். நான்தான் அதிகம் தின்பேன். வேறென்ன செய்வது?

எனக்குப் பின்னால் பிறந்த சித்தப்பா பெண்கள் இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகி இடுப்பில் பிள்ளையோடு வந்து போனார்கள். உனக்குக் கல்யாணம் வேண்டுமா என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டும், வேண்டும் என்று கத்தியிருப்பேன். அவ்வளவு தவிப்பாக இருந்தது.

அண்ணன்தான் என்னைக் காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனான். அம்மாவும் வந்தாள். டாக்டர் என் நாடியைப் பிடித்தார், நெஞ்சில் குழாய் வைத்தார், அம்மாவைப் பார்த்து, "சோறு கூடாதும்மா. தானியத்தை நிறுத்துங்க. காய், கீரை, மோர், முட்டை, மீன் எவ்வளவு வேணா குடுங்க" என்றார். அம்மா பயபக்தியோடு தலையாட்டினாள்.

எங்கள் வீட்டில் சோறு கூடாது என்றால் அது விரதம். கிருத்திகை வந்தால் சோறு கிடையாது, பலகாரம். ஆகவே அம்மா எனக்குத் தினமும் கிருத்திகை ஆக்கிவிட்டாள். காலையில் இட்லி. மத்தியானம் அடை. ராத்திரி அரிசி உப்புமா. நடுவில் வயிறு கிள்ளினால் அவல், வெல்லம் போட்டு. கஞ்சி வடித்த தண்ணீரில் உப்புப் போட்டு ஒரு சொம்பு, அது தண்ணீர்தானே. விரதம் என்பதால் பலகாரத்தில் நெய்யும் கூடுதல். நானும் நல்ல பெண்ணாகச் சோற்றுப் பானை பக்கம் திரும்பாமல் இருந்தேன்.

ஒரு மாதம் கழித்து அண்ணன் என்னை ரைஸ் மில்லுக்குக் கூட்டிப் போனான். ஆள் நிறுக்கும் மெஷின் எங்கள் ஊரில் ஏது? மூட்டை நிறுக்கும் தராசுதான். வேலை இல்லாத நாளாகப் பார்த்துத்தான் போனோம், ஆனாலும் மில்லில் நாலு பேர் இருந்தார்கள். ஒரு தட்டில் நெல் மூட்டை, இன்னொரு தட்டில் நான். மூட்டை மேலே எழும்பிற்று. அதன் மேல் ஒரு மரக்கால் நெல்லைக் கொட்டின பிறகுதான் முள் நடுவுக்கு வந்தது. ஒரு மாதம் முன்னால், டாக்டரிடம் போய் வந்த கையோடு நிறுத்தபோது அந்த மரக்கால் தேவைப்படவில்லை. நாலு பேரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. நான் முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டு தராசிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் அம்மாவைக் காய்ச்சி எடுத்துவிட்டார்.

"நாஷ்டாதான் துன்னா டாக்டர். சோத்துல கையே வைக்கல" என்றாள் அம்மா.

"நாஷ்டான்னா?"

"இட்லி, அடை."

"இட்லி எதுல பண்றீங்க?"

"அரிசிலதான்" என்றாள் அம்மா. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

அன்றிலிருந்து என் பாடு ஆரம்பமாயிற்று. அரிசி இல்லை, கேழ்வரகு இல்லை, கம்பு இல்லை. வேர்க்கடலை தானியமா இல்லையா என்று வீட்டில் ஒரு வழக்கே நடந்தது. அம்மா இனி ஏமாறத் தயாராக இல்லை, அதனால் அதுவும் இல்லை. சுரைக்காய், பூசணிக்காய், முருங்கைக்கீரை, முட்டை, ஏரி மீன், மோர். வயிறு நிறையும், ஆனால் சாப்பிட்ட மாதிரி இருக்காது. இதை அனுபவிக்காதவர்களுக்குச் சொல்லி விளங்க வைக்க முடியாது. மீன் குழம்பை வெறும் கையில் வாங்கிக் குடித்துப் பாருங்கள், தெரியும்.

எங்கள் வீடு நெல் வீடு. ஓடி எங்கே போவது? பின்கட்டில் அண்டா வைத்து நெல் அவிப்பார்கள். அந்த ஆவி வீடு முழுக்க வரும். அவித்ததைக் களத்தில் பரப்பிக் காலால் துழாவுவது என் வேலை. கோழி வந்தால் விரட்ட வேண்டும். நான் பல நாள் கோழியைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். கனவில்கூட எனக்குப் புருஷன் வரவில்லை, சோறுதான் வந்தது.

அம்மாவுக்கு எனக்கென்று போடும் அரிசியைக் குறைக்க மனம் வரவில்லை. பானையில் என் பங்கையும் சேர்த்தே வடிப்பாள். மிச்சத்தை எங்கள் கழனியில் நாற்று நடும் ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிடுவாள். அவளுக்கு என் வயதுதான், சொந்தமாகக் காணி நிலம் கிடையாது. உடம்பில் எலும்பும் தோலும்தான். அவள் ஒரு நாள் சட்டியை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"கோச்சிக்காதம்மா. உனக்குக் கண்ணாலம் கொஞ்சம் மெதுவா ஆவட்டும். எங்க வூட்ல பசங்க ரெண்டு வேளை துன்னுகினு கீதுங்க" என்றாள்.

எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. "நல்லா துன்னட்டும் போ" என்றேன். உள்ளே போய் அழுதேன். அது அவளுக்காகவா எனக்காகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு அந்த நாள் வந்தது. நான் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். புடைக்கிறவர்கள் நாலு மணியை வாயில் போட்டு மெல்லுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். என் கை என்னைக் கேட்காமலே ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டது. பச்சரிசி. மென்றால் பால் மாதிரி ஊறும். கண்ணை மூடிக்கொண்டு மென்றேன். அம்மா எப்போது வந்தாள் என்று தெரியாது. என் தாடையைப் பிடித்து அழுத்தி, வாய்க்குள் விரலை விட்டு, அரிசியை வழித்து வெளியே எடுத்தாள். மாட்டின் வாயிலிருந்து எதையோ எடுப்பது மாதிரி. "உனக்கு வெக்கமா இல்லியாடி? இன்னாடி பண்ணுவேன் நானு உன்ன வச்சிக்கினு?" என்று கத்தினாள். கத்திக்கொண்டே அழுதாள். அவள் விரலில் என் பல் பட்டு ரத்தம் வந்தது.

நைனா அப்போதுதான் கழனியிலிருந்து வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். தட்டில் சோறு விழுந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. அவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் புறப்பட்டுப் பழையசீவரம் மலைக் கோயிலுக்குப் போனார். திரும்பி வந்து அம்மாவிடம், "அவளுக்குப் போடறதையே எனக்கும் போடு. அவ கழுத்துல தாலி ஏர்ற வரைக்கும் அவ துன்னாத எதையும் நான் துன்றதில்லன்னு சாமிகிட்ட சொல்லிட்டேன்" என்றார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஏர் பிடிக்கிற ஆம்பிளை கீரையைத் தின்றுவிட்டு எப்படிக் கழனிக்குப் போவார்? நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். "எனக்காக நீ ஏன் நைனா பட்டினி கெடக்கணும்?" என்றேன். "பட்டினி எங்க? மாடு தழையைத் துன்னுட்டுத்தான் ஏர் இழுக்குது" என்று சிரித்தார். அதற்கப்புறம் தினமும் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பூசணிக்காய் தின்றோம். அவர் கன்னம் ஒட்டிக்கொண்டு வந்ததைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. என் கன்னமும் ஒட்டியது. அதைப் பார்த்து அம்மா சந்தோஷப்பட்டாள். ஒரே வீட்டில் ஒரே காரணத்துக்காக ஒரு கன்னத்துக்குச் சந்தோஷம், இன்னொரு கன்னத்துக்குத் துக்கம்.

தை மாதத்தில் தாமல் பக்கத்திலிருந்து ஒரு வீட்டார் வந்தார்கள். விவசாயக் குடும்பம், ஒரே பையன். அதற்குள் என் ரவிக்கைகளை எல்லாம் உள்ளே பிடித்துத் தைக்க வேண்டியதாகிவிட்டது. பையனின் அம்மா என்னை உற்று உற்றுப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. போய்ச் சேர்ந்ததும், வீட்டைப் பார்க்க வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். நைனாவும் அண்ணனும் போனார்கள். அங்கே நடந்ததை அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வீடு பார்த்தார்கள், மாடு பார்த்தார்கள், ஏரிக்கரையில் நின்று கழனியைப் பார்த்தார்கள். எல்லாம் பிடித்துப் போயிற்று. பேச்சு முடிந்தது. முடிந்ததும் இலை போட்டார்கள். நைனாவின் இலையில் சோறு விழுந்தது. அப்போதுதான் அண்ணனுக்கு வேண்டுதல் நினைவுக்கு வந்தது. சம்பந்தம் முடிய வேண்டுமானால் பெண்ணைப் பெற்றவர் கை நனைக்க வேண்டும். கை நனைத்தால் வேண்டுதல் போச்சு. தாலி இன்னும் ஏறவில்லை. வேண்டுதலை முறித்தால் அது யார் தலையில் விழும்? யாருக்காக வேண்டிக்கொண்டாரோ அவள் தலையில்தான். எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளைக்குக்கூட அது தெரியும்.

விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். என்னவென்று சொல்வார்? என் பெண் குண்டு, சோறு போடாமல் இளைக்க வைத்து உங்களிடம் காட்டினோம், அவள் படுகிற பாட்டைப் பார்த்து நானும் சோற்றை விட்டேன் என்றா? எதை மறைத்து அந்த இலை வரைக்கும் வந்தாரோ அதையே அங்கே அவிழ்த்துப் போட வேண்டும்.

நைனா இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் அவர் கை வைக்கட்டும் என்று காத்திருந்தார்கள். பையனின் அம்மா உள்ளேயிருந்து வந்து நின்றாள்.

"இன்னா, எங்க வூட்ல கை நனைக்க மாட்டீங்களா? மனசுல எதுனா பேஜார் கீதா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றார் நைனா. சொம்பை எடுத்துக் கையை நனைத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு சோற்றைப் பிசைந்தார். ஒரு வாய் போட்டதும் அடுத்த வாய் தானாகப் போயிற்று. மாசக் கணக்கில் காய்ந்த வயிறு. குழம்புக்கு ஒரு தபா, ரசத்துக்கு ஒரு தபா, மோருக்கு ஒரு தபா என்று வாங்கி வாங்கிச் சாப்பிட்டாராம். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்ததாம். காரம் கொஞ்சம் தூக்கல் என்று சொல்லிச் சமாளித்தாராம்.

திரும்பும்போது காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் நைனா அண்ணனிடம், "நீ வூட்டுக்குப் போ. எனக்கு ஒரு வேலை கீது" என்று சொல்லி வேறு பஸ் ஏறிவிட்டார். சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தார். வேட்டி ஓரமெல்லாம் புழுதி. என்னைப் பார்த்து, "முடிஞ்சிடுச்சிம்மா" என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தில் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "சோறு எப்டி இருந்திச்சி நைனா?" என்றேன். "நல்லா இருந்திச்சிம்மா. நீ நல்லா துன்னலாம்" என்றார்.

கல்யாணம் நடந்தது. தாலி ஏறியதும் எனக்கும் என் புருஷனுக்கும் ஒரே இலையில் சோறு போட்டார்கள். வெட்கப்படாமல் சாப்பிட்டேன். நைனா பந்திக்குப் பந்தி ஓடி ஓடிப் பரிமாறினார். அவர் உட்கார்ந்ததை நான் பார்க்கவில்லை, கூட்டத்தில் அதை நினைக்கவும் இல்லை. மறுவீட்டுக்கு வந்தபோதுதான் பார்த்தேன். எங்களுக்கெல்லாம் சோறு. அவர் தட்டில் கேழ்வரகுக் களி.

"தாலி ஏறிடுச்சே நைனா, இன்னும் இன்னா?" என்றேன்.

அவர் களியை உருட்டி விழுங்கிக்கொண்டிருந்தார். அம்மாதான் சொன்னாள். தாமலிலிருந்து திரும்பிய அன்று நேராக மலைக்குப் போயிருக்கிறார். "கை நனைச்சது நானு. அவ மேல போடாத. உசுரு இருக்குற வரைக்கும் இனிமே அரிசி தொட மாட்டேன், கணக்கை என்கிட்டயே தீத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

நான் என்ன செய்யாமல் விட்டேன்? அழுதேன். கத்தினேன். நானும் சாப்பிட மாட்டேன் என்று ஒரு வேளை உட்கார்ந்து பார்த்தேன். அதற்கு அவர் பயந்து நடுங்கியதைப் பார்த்து நானே சாப்பிட்டுவிட்டேன். கோயில் ஐயரிடம் பரிகாரம் கேட்டு வந்தேன். "நான் பேசினது ஐயர்கிட்ட இல்லியே" என்றார் நைனா. புருஷன் வீட்டில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. மூன்று வேளையும் தாமல் ஏரித் தண்ணீரில் விளைந்த சோறு. உள்ளே பிடித்துத் தைத்த ரவிக்கை எல்லாம் ஒரு வருஷத்தில் பற்றாமல் போயிற்று. பிள்ளை பிறந்த பிறகு கேட்கவே வேண்டாம். ஊருக்கு வரும்போதெல்லாம் நைனா என்னை மேலும் கீழும் பார்ப்பார். "ஒரு சுத்து பெருத்துட்டியேம்மா" என்பார். முகம் அப்படி மலரும். என் மேல் ஒன்றும் விழவில்லை என்பதற்கு என் உடம்பே அவருக்குச் சாட்சி. நான் நன்றாக இருக்க இருக்க, தன் பேச்சைச் சாமி கேட்டுக்கொண்டது என்று அவருக்கு உறுதியாகிக்கொண்டே போயிற்று. இதை எந்த வாயால் எதிர்த்துப் பேசுவது? நான் நோயில் விழுந்திருந்தால் இன்னும் கடுமையாக எதையாவது விட்டிருப்பார். எப்படிப் போனாலும் வழி அடைத்திருந்தது.

ஒரு நாள் என் மாமியார், நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உன்ன மொதல்ல பாத்தப்போ எனக்கு மனசே இல்ல. ஆம்பளைங்கதான் வூடு பாக்க வரச் சொல்லி ஆள் அனுப்பிட்டாங்க. இன்னாடா இப்டி வத்தலா கீதே, சீக்குப் பொண்ணோன்னு யோசனை. உங்கப்பா வந்து மூணு தபா வாங்கி, கண்ணுல தண்ணி வர்ற மாதிரி துன்னாரு பாரு. சோத்தை இப்டி மதிக்கிற மனுசன் வூட்டுப் பொண்ணு நல்லாத்தான் இருக்கும்னு அப்பதான் மனசு வந்திச்சி."

எனக்குக் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றுவிட்டது. தராசு, டாக்டர், பூசணிக்காய், அம்மாவின் விரல், மலை, எல்லாமே வீண். நான் பழைய மூட்டையாகவே அவள் முன்னால் போய் நின்றிருக்கலாம். முதல் நாளே சரி என்றிருப்பாள்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது இதை நைனாவிடம் சொன்னேன். இதைக் கேட்டாவது மனம் மாறுவார் என்று நினைத்தேன். "அப்டியா சொன்னாங்க?" என்று ஒரு தடவை கேட்டார். பிறகு, "அதுக்கு இன்னா பண்றது. சொன்னது சொன்னதுதான்" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கழனிக்குப் போய்விட்டார். கிச்சிலிச் சம்பாவுக்குத் தண்ணீர் பாய்ச்ச. தான் தின்னாத நெல்லை அந்த மனிதர் கடைசி வரைக்கும் விளைவித்தார். ஒவ்வொரு அறுப்புக்கும் எனக்கு ஒரு மூட்டை வண்டியில் வரும்.

அறுபதுகளின் கடைசியில் ஓர் அறுப்புக் காலத்தில் அவர் செத்துப் போனார். களத்திலிருந்து வந்தவர் நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தார், எழுந்திருக்கவில்லை. நான் தாமலிலிருந்து வந்து சேர்ந்தபோது குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். முறத்தில் வாய்க்கரிசி வைத்திருந்தார்கள். வீட்டு அரிசிதான், அவர் நட்டது.

அண்ணி போட்டாள், சித்தப்பா பெண்கள் போட்டார்கள். என் முறை வந்தது. ஒரு பிடி அள்ளினேன். கை நீளவில்லை. துக்கத்தில் நிற்கிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். அது இல்லை. இந்த மனிதர் இதைத் தின்னமாட்டாரே என்றுதான் எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. நாமெல்லாம் சேர்ந்து அவர் வாயைத் திறந்து திணிக்கிறோமே என்று இருந்தது.

அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். என்னையே பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"போடுடி" என்றாள். "உசுரு இருக்குற வரைக்கும்னுதான் சொன்னாரு. போடு, துன்னட்டும்."

போட்டேன். உதட்டோரத்தில் நாலு மணி தங்கி நின்றது. அம்மா குனிந்து, அதை விரலால் வழித்து உள்ளே தள்ளினாள்.